ஒரே திருமுழுக்கு, ஒரே ஊர்



ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரத்தைக் கடைப்பிடிக்கிறோம். 1908-ஆம் ஆண்டு பால் வாட்சன் என்ற ஆங்கிலிக்கன் குரு இதனைத் தொடங்கினார். 1968 முதல், உரோமையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து தயாரித்த மன்றாட்டுகளை உலகெங்கும் பயன்படுத்தி வருகிறார்கள். நம் பங்குகளிலும் அந்த வாரத்தில் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு கருத்து சேர்க்கப்படுகிறது. நாமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்கிறோம். ஆனால், யாரோடு ஒன்றாக வேண்டும் என்று மன்றாடுகிறோமோ, அவர்களை நமக்குத் தெரியுமா? அவர்கள் வெகுதொலைவில் இல்லை. அடுத்த தெருவில், சில வேளைகளில் நம் வீட்டுக்குள்ளேயே மருமகளாக, மருமகனாக வாழ்கிறார்கள். எனவே, நம் ஊரில் இத்தனை திருச்சபைகள் எப்படி வந்தன, நம்மை இணைப்பது எது, நாம் சேர்ந்து செய்யக்கூடியவை எவை, இன்னும் செய்ய இயலாதவை எவை என்று இக்கட்டுரையில் சிந்திப்போம்.

தெப்பக்குளத்தின் அருகில்

திருச்சி மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தின் அருகே நின்று பார்த்தால், இயேசு சபையினரின் தூய வளனார் கல்லூரியும் லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும் தெரியும். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், அதைவிடப் பழமையான ஓர் ஆலயம் இருக்கிறது. கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1766-இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம் அது.

அந்த ஆலயத்தின் வரலாறு நமக்கு ஒரு பாடம். சுவார்ட்ஸ் ஜெர்மனியில் பிறந்த லுத்தரன் போதகர். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனுக்காக 1750-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 1762-இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆலயம் கட்ட உதவியவர்களோ கோட்டையில் இருந்த ஆங்கிலப் படையினர். வெடிமருந்துக் கிடங்கு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அவர் பள்ளியும் நடத்தினார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த ஒரு சங்கத்தின் ஆதரவில், லுத்தரன் போதகராகவே பணியைத் தொடர்ந்தார். 1826 ஏப்ரல் 3 அன்று காலையில், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபையாரைச் சந்தித்தார். அன்றே குளிக்கும்போது திடீரென இறந்தார். அவரது உடல் திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மூவொரு இறைவனின் தூய்மையைப் புகழ்ந்து அவர் எழுதிய பாடலை இன்று உலகெங்கும் கத்தோலிக்கரும் பாடுகிறார்கள். லுத்தரன் போதகர் கட்டி, ஆங்கிலிக்கன் பேராயர் பணியாற்றிய அந்தக் கிறிஸ்து ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருச்சி–தஞ்சை திருமண்டலத்தைச் சேர்ந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகமாகிய தரங்கை இல்லமும் நம் நகரில்தான் உள்ளது. நமது மறைமாவட்டம் 1886-இல் உருவானது. ஆக, மூன்று பெரிய திருச்சபைகளின் தலைமைப் பணியாளர்கள் ஒரே ஊரில் வாழும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

பிரிவு எங்கிருந்து வந்தது?

இப்பிரிவுகள் தமிழ் மண்ணில் முளைத்தவை அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உண்டான பிளவுகள் கப்பலேறி நம்மிடம் வந்தன. 1751–52-இல் கத்தோலிக்க நாடான பிரான்சின் படை திருவரங்கத் தீவில் தங்கியிருந்தது. சீர்திருத்தத் திருச்சபை நாடான இங்கிலாந்தின் படை திருச்சிக் கோட்டையைக் காத்து நின்றது. அப்போர் அரசியலுக்காக நடந்தது என்றாலும், ஐரோப்பியரின் சண்டைகள் காவிரிக் கரைவரை எப்படி வந்தன என்பதற்கு அது சாட்சி.

வாளோடு பேனாவும் வந்தது. தமிழுக்குத் 'தேம்பாவணி' தந்த வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களுக்கு மறுப்பாக 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்களை எழுதினார். எதிர்த்தரப்பும் கடுமையாகவே எழுதியது. தமிழ் உரைநடை அதனால் வளர்ந்தது உண்மைதான். ஆயினும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது.

பிறரைச் சொல்லும் முன் நம்மையும் பார்ப்போம். கத்தோலிக்கராகிய நாமே இதே நகரில் இரு தரப்பாகப் பிரிந்திருந்தோம். போர்ச்சுகல் அரசின் ஞானாதரவுக்கு (பதுரவாதோ) உட்பட்ட கோவில்கள் ஒரு புறம். உரோமையின் நேரடி ஆளுகையில் இருந்த கோவில்கள் மறு புறம். விசுவாசத்தில் வேறுபாடு இல்லை. திருப்பலி ஒன்றே. ஆனால் ஆயர்கள் வேறு, வழக்குகள் பல. 1928-இல் உரோமைக்கும் போர்ச்சுகலுக்கும் ஏற்பட்ட உடன்பாடுதான் அந்த இரட்டை ஆட்சி முடிய வழி செய்தது. நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் தீராது என்று எண்ணப்பட்ட அந்தப் பகை இன்று பெரும்பாலோருக்கு நினைவில்கூட இல்லை. தீராத பிரிவு என்று எதுவும் இல்லை என்பதை நம் வீட்டு வரலாறே சொல்கிறது.

ஒன்றிப்பின் மைல்கற்கள்

ஒன்றிப்பு முயற்சியில் தமிழகம் உலகுக்கே முன்னோடி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களுள் இருவரைத் தவிர ஏனையோர் இந்தியர். அவர்களில் முக்கியமானவர் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிரிவுகள் மேலைநாட்டு வரலாற்றில் எழுந்தவை, அவை இந்தியத் திருச்சபையின் நற்செய்திப் பணியைப் பலவீனப்படுத்துகின்றன என்று அவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். 28 ஆண்டு உரையாடலுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆயர்களைக் கொண்ட மரபும் அவர்கள் இல்லாத மரபும் ஒன்றாய்ச் சேர்ந்ததை உலகமே வியந்து பார்த்தது.

நம் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிரிவினைக்கு இரு தரப்பிலும் குற்றம் உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. முறையாகத் திருமுழுக்குப் பெற்ற எவரும் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவர், ஆகவே நமக்குச் சகோதரர் என்று கற்பிக்கிறது. மனமாற்றமின்றி உண்மையான ஒன்றிப்பு இல்லை என்றும் எச்சரிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் எழுதிய சுற்றுமடலில், ஒன்றிப்புப் பணி திருச்சபைக்கு விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் உபரி வேலை அல்ல என்று தெளிவுபடுத்தினார்.

லூத்தர் காலத்துப் பிளவின் மையமாக இருந்தது மனிதர் எவ்வாறு இறைவனுக்கு ஏற்புடையவராகிறார் என்னும் கேள்வி. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் அதுபற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மீட்பு இறைவனின் அருளால் மட்டுமே வருகிறது, நம் நற்செயல்கள் அந்த அருளின் கனிகள் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. 2006-இல் மெத்தடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். 2016 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடனின் லுண்ட் நகருக்குச் சென்று லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து மன்றாடினார். வீரமாமுனிவர் காலத்தில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாத நிகழ்வுகள் இவை.

ஒரே தமிழ், இரண்டு பேச்சு

நம் ஊரில் ஒன்றிப்புக்குச் சிறு இடறலாக இருப்பது நம் சொற்களே. நாம் 'ஆயர்' என்றால் மறைமாவட்டத் தலைவர்; சி.எஸ்.ஐ. சகோதரர் 'ஆயர்' என்றால் அவர் சபையின் போதகர். அவர்களுக்குப் 'பேராயர்' என்பது பிஷப். நமக்கோ அது ஆர்ச்பிஷப். நமக்குப் பங்கு, அவர்களுக்குச் சேகரம். நமக்கு மறைமாவட்டம், அவர்களுக்குத் திருமண்டலம். நாம் உறுதிபூசுதல் என்பதை அவர்கள் திடப்படுத்தல் என்பார்கள். நாம் தூய ஆவியார் என்போம், அவர்கள் பரிசுத்த ஆவியானவர் என்பார்கள். கூட்டு வழிபாட்டில் ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்கினால், ஒரு பாதி 'விண்ணுலகம்' என்று சொல்ல, மறு பாதி 'பரமண்டலம்' என்று சொல்லும். முதல் வரியிலேயே குரல்கள் பிரிந்துவிடும்.

முன்பு இதைவிட மோசமாக இருந்தது. நாம் அருளப்பர், சின்னப்பர், இராயப்பர், சூசையப்பர் என்று சொன்னவர்களை அவர்கள் யோவான், பவுல், பேதுரு, யோசேப்பு என்றார்கள். ஒரே திருத்தூதரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே சிறுவர்களுக்குப் புரியாது.

இந்த மதிலைப் பெருமளவு தகர்த்தது 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபை அறிஞர்கள் பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து, எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து அதனை மொழிபெயர்த்தார்கள். யோவான், பவுல், பேதுரு என்ற பெயர்கள் நம் பீடத்திலும் ஒலிக்கத் தொடங்கின. நாம் ஏற்கும் பழைய ஏற்பாட்டு நூல்கள் 46, அவர்கள் ஏற்பவை 39. இந்த வேறுபாட்டை மறைக்காமல், 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற தனிப் பகுதியாக அமைத்தார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரும்பாலோர் வழிபாட்டில் இன்றும் தங்கள் பழைய மொழிபெயர்ப்பையே விரும்பிப் படிக்கிறார்கள். அது அவர்களுக்குத் தாய்ப்பால் போன்றது; அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரு தரப்பும் சேர்ந்து படிக்க ஒரு விவிலியம் நம் கைகளில் இருக்கிறது. அதை எத்தனை முறை சேர்ந்து திறந்திருக்கிறோம்?

செய்யக்கூடியவையும் இன்னும் இயலாதவையும்

பங்கு மக்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்குத் திருச்சபையின் சட்டம் தெளிவான பதில் தருகிறது.

திருமுழுக்கு: தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் தரப்படும் சி.எஸ்.ஐ., லுத்தரன் திருமுழுக்குகளை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அவர்களில் ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையோடு முழுமையாக இணைய விரும்பினால், ஐயத்துக்குத் தக்க காரணம் இருந்தாலன்றி மீண்டும் திருமுழுக்குத் தரப்படுவதில்லை (தி.ச. 869).

ஞானப் பெற்றோர்: கத்தோலிக்க ஞானத் தாய் அல்லது தந்தை ஒருவர் இருக்க, அவரோடு சி.எஸ்.ஐ. உறவினர் ஒருவர் திருமுழுக்கின் சாட்சியாக நிற்கலாம் (தி.ச. 874).

திருமணம்: பிற திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும் (தி.ச. 1124–1125). கத்தோலிக்கத் துணைவர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். மற்றவருக்கு இது முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகை அச்சடித்த பிறகு பங்குத்தந்தையிடம் ஓடுவதால்தான் பல கசப்புகள் பிறக்கின்றன.

நற்கருணை: இதுவே வேதனையான இடம். நற்கருணை என்பது ஒன்றிப்பின் அடையாளம் மட்டுமன்று, அதன் நிறைவு. விசுவாசத்திலும் குருத்துவத்திலும் முழு ஒன்றிப்பு இல்லாதபோது, இருப்பதுபோல் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும். ஆகவே நாம் அவர்களது திருவிருந்தில் பங்கு பெறுவதில்லை. அவர்கள் நம்மிடம் நற்கருணை பெறுவதும் சாவு ஆபத்து போன்ற கடுமையான சூழல்களில், குறித்த நிபந்தனைகளோடு மட்டுமே இயலும் (தி.ச. 844). ஞாயிறு காலை ஒரே வீட்டிலிருந்து புறப்படும் கணவனும் மனைவியும் இரு வேறு பீடங்களுக்குச் செல்லும் நிலையை நாம் பழகிப்போன ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வலி நம்மை மன்றாடத் தூண்ட வேண்டும்.

இவை தவிர, இறைவார்த்தை வழிபாடு, செபம், திருப்பாடல்கள், சிலுவைப்பாதை, கிறிஸ்து பிறப்பு விழா, விவிலியப் படிப்பு, நோயாளர் சந்திப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்து செய்யத்தக்கவை. திருச்சபை இவற்றை அனுமதிப்பதோடு நிற்காமல் ஊக்குவிக்கவும் செய்கிறது. மார்ச் முதல் வெள்ளியன்று வரும் உலக மகளிர் செப நாளில் நம் பெண்கள் இதற்கு வழிகாட்டுகிறார்கள்.

"நாம் அன்பு காட்டுகிறோம், அவர்கள் நம் ஆட்களை இழுக்கிறார்களே" என்ற மனக்குறையும் உண்டு. சில தனிச் சபைகள் நம் மக்களுக்கு மறுபடியும் திருமுழுக்குத் தருவது வருத்தத்துக்குரியது. அதை நாம் ஏற்பதில்லை. ஆனால், ஒருவர் நம்மை விட்டுப் போனபின் கோபப்படும் நாம், அவர் மருத்துவமனையில் கிடந்தபோது சென்று பார்த்தோமா? விவிலியம் படிக்க ஏங்கியபோது கற்றுத் தந்தோமா? மேலும், ஒரு குழுவினரின் செயலுக்காக, நம்மை மதிக்கும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சகோதரர்களையும் அதே பட்டியலில் சேர்ப்பது நீதியன்று.

ஆபத்தில் மட்டுமா ஒன்றிப்பு?

2002 அக்டோபரில் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் தோளோடு தோள் நின்றார்கள். அக்டோபர் 24 அன்று மாநிலமெங்கும் கிறிஸ்தவப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகைக் கடற்கரையை அழித்தபோது எல்லாத் திருச்சபைகளும் உதவிக்கு ஓடின. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமைகளை மறுக்கிறது. அதே ஆணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் அது திருத்தப்பட வேண்டும் என்று திருச்சபைகள் ஒரே குரலில் கேட்கின்றன. நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறைச் சேர்ந்து கடைப்பிடிக்கின்றன.

இவை நல்லவை. ஆனால் ஆபத்து வந்தால் கூடுவதும், அது நீங்கினால் பிரிவதும் கூட்டணிக்குப் பொருந்தும், குடும்பத்துக்குப் பொருந்தாது. அரசிடம் நீதி கேட்கும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நம் நகரிலேயே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நின்ற சாதிச் சுவர் செய்தித்தாள்களில் பேசப்பட்டதை மறக்க முடியாது. சாதி என்ற பாவத்தில் மட்டும் நம் திருச்சபைகள் எல்லாம் ஏற்கெனவே ஒன்றிப்பு அடைந்துவிட்டன என்று சொன்னால் அது கசப்பான உண்மை. சபை வேறுபாடு பார்க்காமல் தன் சாதிக்குள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்காதவர்கள், சேர்ந்து செபிக்க அழைத்தால் மட்டும் கொள்கை பேசுவது எப்படி? மனமாற்றமின்றி ஒன்றிப்பு இல்லை என்று சங்கம் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

திருவரங்கத்தில் நம் சாட்சியம்

காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்ட அரங்கநாதர் கோவிலைச் சுற்றி அமைந்த ஊர் அது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அத்தீவில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அங்கு வாழும் இந்து அன்பர்களுக்கு ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் என்பவை பொருள் விளங்காத பெயர்கள். அவர்களுக்கு நாம் எல்லோரும் கிறிஸ்தவர்கள். ஒரு சபைக்காரர் அன்பு காட்டினால் "கிறிஸ்தவர்கள் நல்லவர்கள்" என்பார்கள். இரு சபைக்காரர் சண்டையிட்டால் "இவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை" என்பார்கள். பெருமையும் பழியும் நமக்குப் பொதுவாகவே வருகின்றன.

இயேசு தம் பாடுகளுக்கு முந்தின இரவில் தந்தையிடம் மன்றாடியதும் இதையே. சீடர்கள் ஒன்றாய் இருக்க வேண்டும் என்று கேட்டவர், உலகம் நம்பும்படி என்று அதற்குக் காரணமும் சொன்னார் (யோவா 17:21). கிறிஸ்தவர் ஒருசிலரே வாழும் தெருக்களில் நம் ஒற்றுமையே முதல் மறையுரை. அங்கே ஒரு கிறிஸ்தவ வீட்டில் துக்கம் நேர்ந்தால், எந்தச் சபை என்று கேளாமல் மற்றக் கிறிஸ்தவர்கள் வந்து நின்று, ஒரு திருப்பாடலைச் சேர்ந்து செபித்தால், அக்கம்பக்கத்தார் அதை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்றிப்பு இனிமேல்தான் உண்டாக வேண்டும் என்று நாம் எண்ண வேண்டாம். ஒரே திருமுழுக்கில் இறைவன் அதன் அடித்தளத்தை ஏற்கெனவே இட்டுவிட்டார் (எபே 4:5). முழு ஒன்றிப்பை அவரே தம் வேளையில் தருவார். நம்மிடம் குறைவாக இருப்பது அறிமுகம். ஆகவே, ஒவ்வொரு பங்கும் அருகிலுள்ள சேகரத்தை இந்த ஆண்டு ஒருமுறையாவது சந்திக்கலாம். அன்பியங்களில் ஒரு மாதக் கூட்டத்திற்குப் பிற திருச்சபைக் குடும்பங்களை அழைத்து, பொது மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு நற்செய்திப் பகுதியைச் சேர்ந்து படிக்கலாம். கலப்புத் திருமணக் குடும்பங்களைக் குறை கூறுவதை நிறுத்தி, ஒன்றிப்பின் பாலங்களாக அவர்களை மதிக்கலாம். மறைக்கல்வி மாணவர்களைக் கிறிஸ்து ஆலயத்துக்கும் தூய யோவான் ஆலயத்துக்கும் அழைத்துச் சென்று, சுவார்ட்ஸ், ஹீபர் ஆகியோரின் பணியைச் சொல்லிக் கொடுக்கலாம். அவர்களது பிள்ளைகளை நம் ஆலயங்களுக்கும் வரவேற்கலாம்.

தம்மோடு சேராத ஒருவர் இயேசுவின் பெயரால் பேய் ஓட்டியதைக் கண்டு யோவான் அவரைத் தடுக்கப் பார்த்தார். தடுக்க வேண்டாம் என்றார் ஆண்டவர் (மாற் 9:38–40). அப்பொல்லோவோ, கேபாவோ, பவுலோ என்று கட்சி பிரிந்த கொரிந்தியரிடம், கிறிஸ்து துண்டு துண்டாகிவிட்டாரா என்ற பொருளில் கேட்டார் பவுல் அடியார் (1 கொரி 1:12–13). அக்கேள்வி திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் சேர்த்தே கேட்கப்படுகிறது. அடுத்த சனவரியில் ஒன்றிப்புக்காக மன்றாடும்போது, பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒரு சகோதரரையாவது ஒரு சகோதரியையாவது மனத்தில் கொண்டு மன்றாட முன்வருவோமா? தம் மக்கள் ஒன்றாய் இருக்க வேண்டும் என்று விரும்பும் மூவொரு இறைவன் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக!